முதுகு சாய ஒரு கதிரை

கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கைதியாக வாழ்ந்து தப்பிப்போன ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வெளிவந்த தன் நூலில் அந்த மக்களின் வீட்டுச் சாமான்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். சில மண்பானைகள், ஓரிரு ஆசனங்கள். அந்த ஆசனங்களுக்குச் சாய்மானம் கிடையாது. முதுகு வைத்த ஆசனத்தில் உட்காரும் உரிமை அரசனுக்கு மட்டுமே இருந்தது. நொக்ஸ் தப்பிப் பதினாலு ஆண்டுகள் கழித்து, 1693இல், ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்கு ஒரு சிம்மாசனம் பரிசளித்தார்கள். பொற்தகடு போர்த்திய மரம். இரு கைகளும் சிங்க உருவங்கள். 1815இல் பிரித்தானியர் கொண்டுபோய் 1934இல் திருப்பிக் கொடுத்த அந்த ஆசனத்தைக் கொழும்பு தேசிய நூதனசாலையில் இன்றும் பார்க்கலாம்.

மாத்தளை அந்த இராச்சியத்துக்குள் அடங்கிய நாடு. அங்கிருந்து தம்புள்ளை வீதியில் அளுவிகாரையைத் தாண்டினால் பலாபத்வல வருகிறது. ஒரு காலத்தில் அரசனுக்கே உரியதாயிருந்த சாய்மானத்தையும் கைகளையும் இன்று அந்த ஊரில் எவரும் சொந்தக் கையாலேயே செய்துகொள்ளலாம். தச்சு பழகுகிறவருக்கு முதலில் முக்காலி, அப்புறம் பெட்டி, கதிரை கடைசியில் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கை வைத்த கதிரை முதல் வேலைக்கே ஏற்றது. அதன் காரணம் அந்தக் கைகளில்தான் இருக்கிறது.

முதலில் மரம். மாத்தளை வீட்டுத் தோட்டங்களில் மிளகுக்கும் கொக்கோவுக்கும் நடுவே நிற்கும் பலாவைவிட நல்ல மரம் இதற்கு வேண்டாம். ஆனால் சொந்தக் காணியில் நின்றாலும் நினைத்தபடி தறித்துவிட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் பெண் பனையையும் காக்கிறது, அனுமதி வேண்டும். ஆகவே மரக்காலையில் அரிந்து அடுக்கிய பலகையை வாங்குவதே சுலபம். வெளிறை ஒதுக்கி வைரத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். இழைப்புளி ஓடியதும் பலா வைரம் பளிச்சென்ற மஞ்சளாகத் தெரியும். அந்த மஞ்சளுக்குக் காரணம் மொரின் என்ற சாயப்பொருள். பிக்குமாரின் சீவரத்துக்குச் சாயம் காய்ச்ச உதவியதும் இதே வைரம்தான். வெளிச்சம் படப் பட நிறம் ஆழ்ந்து, சில ஆண்டுகளில் செம்பழுப்பாகிவிடும்.

அறுத்து எத்தனை வருடமானாலும் மரம் அசைந்துகொண்டே இருக்கும். பச்சை மரத்தின் ஈரம் நூற்றுக்கு 30 பங்கு அளவுக்கு இறங்கும்வரை பலகையின் அளவு மாறாது. அதற்குக் கீழே போனதும் சுருங்கத் தொடங்கும். மலையகத்தின் ஈரக்காற்றோடு சமநிலைக்கு வரும்போது ஏறத்தாழ 15 பங்கில் நிற்கும். மழையில் சற்று ஏறும், வெயிலில் இறங்கும். மர உயிரணுக்களின் சுவரில் செலுலோஸ் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. தண்ணீர் அவற்றின் இடையில் புகுந்து பக்கவாட்டில் விலக்குகிறதே தவிர, நீட்டுவதில்லை. அதனால் பலகை அகலத்தில் பருத்து மெலியும். நீளம் அநேகமாக மாறாது. அகலத்திலும் ஒரு பாகுபாடு உண்டு. வளையங்களை ஒட்டிச் சுற்றும் திசையில் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. கதிரையின் சட்டங்களை நார் நீளவாக்கில் ஓடும்படி அறுப்பது இதனால்தான். கதிரையின் உயரமும் அகலமும் மாதத்துக்கு மாதம் மாறாது. மாற்றமெல்லாம் பொருத்துகளில் வந்து சேரும்.

அந்தப் பொருத்துகளில் ஏறும் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒருவர் சாய்மானத்தை 30 கிலோ பாரத்தோடு பின்னுக்குத் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தள்ளுமிடம் இருக்கைக்கு 45 சென்ரிமீற்றர் மேலே. பின்காலும் இருக்கைச் சட்டமும் சேரும் இடத்தில் அது 1350 கிலோ-சென்ரிமீற்றர் திருப்பமாகிறது, பக்கத்துக்கு 675. சட்டத்தின் முனையில் செதுக்கிக் காலின் துளையில் செருகும் கழுந்தின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே 5 சென்ரிமீற்றர்தான் இருக்கிறது என்றால், அந்த விளிம்புகளில் 135 கிலோ அழுத்துகிறது. ஒவ்வொரு முறை சாயும்போதும் இதுதான் நடக்கும். கையில்லாத கதிரையில் இவ்வளவையும் கிட்டத்தட்ட அந்த ஒரு பொருத்தே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழைய கதிரைகள் பின்காலருகே முதலில் ஆட்டம் காண்பது இதனால்தான்.

முன்காலை இருக்கைக்கு மேலே வளரவிட்டு, அதன் தலையில் கையை ஏற்றி, கையின் மறுமுனையைப் பின்காலில் செருகிப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு மூடிய சட்டகம் உருவாகிவிடுகிறது. பின்கால் சாய வேண்டுமானால் நான்கு மூலைகளும் ஒருசேர இளக வேண்டும். ஒரு பொருத்தின் சுமையை நான்கு பொருத்துகள் பகிர்ந்துகொள்கின்றன. புதிதாகப் பழகுகிறவரின் உளி ஓரிடத்தில் கொஞ்சம் விலகினாலும் மற்ற மூன்றும் தாங்கும். ஒற்றைப் பொருத்தில் பிசிறில்லாத கைத்திறனை எதிர்பார்க்கும் கையில்லாத கதிரைதான், என் பார்வையில், தேர்ந்த தச்சருக்குரிய வேலை.

கழுந்தைத் துளையில் இறுக்க பழைய பாஸ்மார் அறிந்த ஒரு வழி இருக்கிறது. பசை ஒரு துளியும் வேண்டாம். காலின் குறுக்கே ஆணித்துளையை முதலில் போட்டுவிடுகிறார்கள். கழுந்தைச் செருகி, துளை வழியே துரப்பணத்தின் முனையால் ஒரு புள்ளி குத்தி, கழுந்தை வெளியே எடுக்கிறார்கள். அந்தப் புள்ளியிலேயே துளையிடுவதில்லை. கழுந்தின் தோள் பக்கமாக, அதாவது அது சட்டத்தோடு சேரும் பக்கமாக, அரை நூல் தள்ளித்தான் துளை போடுகிறார்கள். மீண்டும் செருகும்போது இரண்டு துளைகளும் ஒன்றையொன்று சரியாகப் பார்ப்பதில்லை. நன்கு காய்ந்த மர ஆணியை முனை கூர்த்துக் கொட்டாப்புளியால் அடிக்க, அது வளைந்து நெளிந்து உள்ளே போகிறது. போகிற போக்கில் கழுந்தை இழுத்துத் தோளைக் காலோடு ஒட்டவைக்கிறது. ஆணியை அறுத்தெடுக்கக் கூடாது, பிளந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் நார் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓடும், வளைந்தாலும் முறியாது. வெயிலில் கழுந்து மெலிந்தாலும் வளைந்த ஆணியின் இழுப்பு விடுவதில்லை.

கைகளை இருக்கையிலிருந்து எட்டு, ஒன்பது அங்குல உயரத்தில் வைப்பது வழக்கம். மனிதனின் இரண்டு கைகளும் சேர்ந்து உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 70 கிலோ உள்ளவருக்கு 7 கிலோ. தாங்க ஒன்றும் இல்லாவிட்டால் அந்தப் பாரம் தோளிலிருந்து தொங்கி முதுகெலும்பில் இறங்குகிறது. 1970களில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஆய்வாளர்கள் முதுகெலும்பின் தட்டுக்குள்ளேயே அழுத்தமானி செலுத்தி அளந்தார்கள். சாய்மானம் பின்னுக்குச் சரியச் சரியத் தட்டின் அழுத்தம் குறைந்தது; கைகளைத் தாங்கினால் இன்னும் குறைந்தது. தோட்டத்துரை பங்களாக்களின் விறாந்தையில் கிடந்த நீளக்கைச் சாய்மனைக் கதிரை இந்த இரண்டையும் எப்போதோ கண்டுகொண்டிருந்தது.

கால்களைக் கடைந்து அழகு பார்க்க விரும்பினால், மாத்தளை மாவட்டத்தின் ஹப்புவிட கிராமத்து அரக்கு வேலையைக் கட்டாயம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அரக்கு, மரக்கொப்புகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். நூறு பாகைக்குக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். நிறம் சேர்த்த அரக்குக் கட்டியைக் கரித்தணலில் காட்டி, மெல்லிய நூலாக இழுத்து, சூடு ஆறுமுன் மரத்தைச் சுற்றிப் பதித்து, வேண்டிய இடத்தில் பெருவிரல் நகத்தால் கிள்ளி விடுகிறார்கள். தூரிகையும் இல்லை, கத்தியும் இல்லை. கோலம் முடிந்ததும் தாளிப்பனை ஓலைக் கீற்றால் தேய்க்க, அரக்கு கண்ணாடிபோல் மின்னுகிறது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்த நகவேலைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்.

கடைசியாகப் பின்னல். பிரம்பு கொடிபோலப் படரும் ஒருவகைப் பனையினம். கதிரைக்கு வேண்டியது அதன் வழுவழுப்பான மேல்தோல் மட்டும். இருக்கைச் சட்டத்தைச் சுற்றிலும் அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளையிட்டு, நனைத்த பிரம்புத் தோலை நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என ஆறு முறை ஓட்டினால் நடுவே எண்கோணக் கண்கள் விழுகின்றன. நனைந்த தோல் காயும்போது சுருங்கி விறைக்கும். உட்காருகிறவரின் பாரத்தை இழைகள் கிட்டத்தட்டக் கிடையாகவே இழுத்துத் தாங்குவதால், சட்டங்கள் உட்பக்கமாக ஈர்க்கப்படுகின்றன. இருக்கைச் சட்டம் ஒல்லியாக இருக்கக் கூடாது என்பது இதற்காகத்தான். சில வருடங்களில் பின்னல் தொய்ந்தால் அறுத்தெறிய வேண்டாம். கதிரையைக் கவிழ்த்துப் போட்டு, மெருகில்லாத அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்து, நிழலில் காயவிட்டால் இழை முறியாத பின்னல் பெரும்பாலும் திரும்ப விறைத்துக்கொள்ளும்.