கப்பலில் வந்த கடலை

திருவனந்தபுரம் தம்பானூரில் இரயில் நிலையத்தை ஒட்டிக் காகிதக் கூம்பில் விற்கப்படும் வறுத்த வேர்க்கடலையைக் கேரள மக்கள் ‘கப்பலண்டி’ என்பர். தென்னார்க்காட்டு உழவர் அதையே ‘மல்லாட்டை’ என்பர். ‘மணிலாக்கொட்டை’ மருவிப் பிறந்த பெயர் அது. தென்னமெரிக்காவில் தோன்றிய இப்பயிர் கடல் கடந்து வந்தது என்பதை இரு பெயர்களும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இப்பயிரின் பிறப்பிலேயே ஒரு குறை உண்டு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இருவகைக் காட்டுக்கடலைகள் தற்செயலாகக் கலந்ததில் உண்டானது பயிர்க்கடலை. காட்டினங்களுக்கு 20 குரோமோசோம்கள், இதற்கோ 40. இந்த வேறுபாட்டால் தன் உறவினங்களோடு அது எளிதில் மீண்டும் கலக்கவில்லை. கொத்து, கொடி என உருவம் பலவானாலும், உள்ளே மரபு வேறுபாடு குறைவு. எல்லாம் ஒன்றுபோல் இருக்குமிடத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது?

இருந்த வேறுபாட்டைக் கொண்டே முன்னோர் சாதித்தனர். குடியாத்தம் பகுதியின் கொத்துக்கடலையிலிருந்து திண்டிவனத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட டி.எம்.வி. 2 இரகம் 1940-இல் வெளியானது. அதன் பிறகு எத்தனையோ இரகங்கள் வந்தும், ஆந்திர, கர்நாடக மானாவாரி நிலங்களில் அது பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது.

ஆனால் தேர்வில் ஏமாற்றமும் உண்டு. ஒரு செடியில் 40 காய்கள் இருப்பதைக் கண்டு விதைக்கு எடுத்து வைக்கிறோம். அடுத்த பருவத்தில் அதன் வழிவந்த செடிகள் மற்றவற்றைப் போலவே காய்க்கின்றன. தாய்ச்செடி நின்ற இடத்தில் எரு மிகுந்திருக்கலாம். அந்தச் சிறப்பு மண்ணுடையது, மரபினுடையது அன்று. ஆகவே காய்களின் எண்ணிக்கை, நூறு பருப்பின் எடை போன்ற ஒவ்வொரு பண்பிலும் காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு எவ்வளவு, சூழலின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர் பிரித்துக் கணக்கிடுகின்றனர். மரபின் பங்கு பெரிதாயின் தேர்வு பலிக்கும்.

வேறுபாடு போதாதபோது அதை உண்டாக்க வேண்டும். வேர்க்கடலைப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. எனவே மாலையில் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை நீக்கி, மறுநாள் காலை வேறு இரகத்தின் மகரந்தத்தைத் தடவுவர். இத்தனை பாடுபட்டும் ஒரு பூவிலிருந்து விழுது இறங்கினால் கிடைப்பது ஒரே ஒரு காய். காட்டினத்தோடு கலப்பது இன்னும் கடினம். பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகும். ஆயினும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.பி.டி. 4 இரகத்திற்கு இலைப்புள்ளி, துரு நோய்களைத் தாங்கும் ஆற்றல் ஒரு காட்டினத்தின் வழியாகவே வந்தது.

இதற்கெல்லாம் முதலீடு வேண்டுமே! ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில் இக்ரிசாட் நிறுவனத்தின் மரபணு வங்கியில் 15,000-க்கும் மேற்பட்ட வேர்க்கடலை மாதிரிகள் குளிரறையில் காக்கப்படுகின்றன. வங்கி என்னும் பெயர் அதற்கு முற்றும் பொருந்தும்.

நல்ல இரகம் உருவான பின்னும் அது உழவரிடம் சேரத் தாமதமாகிறது. ஏக்கருக்கு ஏறத்தாழ 50 கிலோ விதைப்பருப்பு தேவை. விளைவதோ விதைத்ததைப் போல் பத்து மடங்கு அளவே. நெல்லைப் போல ஒரே பருவத்தில் விதை பெருகுவதில்லை. சாகுபடிச் செலவில் விதைக்கே பெரும்பங்கு போவதும் இதனால்தான். பயிர்க்கடன் பெற்று விதை வாங்குவோர் மூட்டையில் தைத்துள்ள அட்டையின் நிறத்தைப் பார்த்து வாங்கலாம்: ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம்.