பக்க வழிமாற்றலும் அதில் ஏற்படும் வழுக்களும்

இயங்குநிலை இணையத்தளம் ஒன்றில் பயனர் தமது பெயரையும் கடவுச்சொல்லையும் வழங்கியதும் வேறொரு பக்கம் திறக்கிறது. இவ்வாறு ஒரு முகவரியைக் கேட்டு வந்தவரை இன்னொரு முகவரிக்கு அனுப்புதல் வழிமாற்றல் எனப்படும். பார்ப்பதற்கு ஒரே செயலாகத் தோன்றினாலும் இதில் இரண்டு வேண்டுகோள்களும் இரண்டு மறுமொழிகளும் அடங்கியுள்ளன. மாணவர்கள் எழுதும் செய்நிரல்களில் காணப்படும் வழுக்களிற் பல, இதனை மறப்பதாலேயே ஏற்படுகின்றன.

நடப்பது இதுவாகும். மேலோடி ஒரு பக்கத்தைக் கேட்கிறது. சேவையகம் அப்பக்கத்தைத் தராமல் 302 என்னும் நிலைக்குறியீட்டையும், லொக்கேஷன் என்னும் தலைப்பு வரியில் புதிய முகவரியையும் அனுப்புகிறது. அதனை வாசித்த மேலோடி, புதிய முகவரிக்கு மீண்டும் வேண்டுகோள் விடுக்கிறது. அலுவலகம் ஒன்றில் முதலாம் கருமபீடத்தில் இருப்பவர் "மூன்றாம் கருமபீடத்துக்குப் போங்கள்" என்கிறார் எனக் கொள்வோம். அவர் உங்களைக் கொண்டுபோய் விடுவதில்லை. நடந்து போவது நீங்களே. நீங்கள் போன பின்னர் அவர் தமது வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருப்பார் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். அது பின்னர் உதவும்.

தலைப்பு வரி முந்திச் செல்ல வேண்டும்

எச்ரீரீபீ மறுமொழியில் முதலில் தலைப்பு வரிகளும் பின்னர் உடற்பகுதியும் செல்லும். (இத்தலைப்பு வரிகள் எச்ரீஎம்எல் ஆவணத்தின் தலைப்பகுதி அல்ல. இரண்டையும் ஒன்றெனக் கருத வேண்டாம்.) உடற்பகுதியின் ஓர் எழுத்தேனும் வெளியே சென்றுவிட்டால் அதன் பின் தலைப்பு வரி எதனையும் சேர்க்க முடியாது. எனவே பீஎச்பீ மொழியில் எக்கோ கட்டளைக்கோ எச்ரீஎம்எல் பகுதிக்கோ பின்னர் ஹெடர் கட்டளையை எழுதினால், தலைப்பு வரிகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன எனப் பொருள்படும் எச்சரிக்கை தோன்றும். அந்த எச்சரிக்கையில் இரண்டு வரி எண்கள் இருக்கும். ஒன்று ஹெடர் கட்டளை உள்ள வரி. மற்றையது வெளியீடு தொடங்கிய வரி. பலர் முதலாவதைத் திருத்த முயன்று நேரத்தை வீணாக்குவர். திருத்த வேண்டியது இரண்டாவதையே.

சில வேளைகளில் அந்த வரியில் எதுவுமே தெரியாது. பீஎச்பீ தொடக்கக் குறிக்கு முன் உள்ள வெற்றிடமும் வெளியீடுதான். தமிழில் பக்கம் அமைப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ் எழுத்துகளைச் சேமிக்க யூரீஎவ்-8 முறையைத் தெரிவுசெய்யும்போது, விண்டோஸின் பழைய நோட்பேட் கோப்பின் முதலில் கண்ணுக்குத் தெரியாத 3 பைற்றுகளைச் சேர்த்துவிடும். அவையும் உடற்பகுதியாக வெளியே செல்லும். 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் இயல்பாக அவற்றைச் சேர்ப்பதில்லை. எனினும் பழைய கோப்புகளில் அவை அப்படியே இருக்கும். கோப்பினை அக்குறி இன்றி மீளச் சேமித்தால் வழு நீங்கும்.

"வீட்டுக் கணினியில் சரியாக வேலை செய்தது, பாடசாலைக் கணினியில் வேலை செய்யவில்லை" என்பது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. பீஎச்பீ அமைப்பில் வெளியீட்டைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் வசதி ஒன்று உண்டு. அது செயற்படும் கணினியில் வழு மறைந்திருக்கும். செயற்படாத கணினியில் வெளிப்படும். செய்நிரல் இரண்டிலும் பிழையானதே.

எக்ஸிற் கட்டளை ஏன் அவசியம்?

இதுவே மிக ஆபத்தான வழுவாகும். ஏனெனில் இதற்கு எச்சரிக்கை எதுவும் தோன்றாது. ஹெடர் கட்டளை ஒரு வரியை அனுப்ப ஆயத்தம் செய்கிறதே தவிரச் செய்நிரலை நிறுத்துவதில்லை. கருமபீடத்தில் இருப்பவரைப் போல, சேவையகம் அடுத்த வரிகளையும் நிறைவேற்றும். பின்வரும் ஒழுங்கைப் பாருங்கள்:

வரி 1: பயனர் உள்நுழைந்திருக்காவிட்டால் நுழைவுப் பக்கத்துக்கு வழிமாற்று.
வரி 2: தரப்பட்ட சுட்டெண்ணுக்குரிய மாணவரின் புள்ளிகளைத் தரவுத்தளத்திலிருந்து அழி.

கடவுச்சொல் தெரியாத ஒருவர் இப்பக்கத்தின் முகவரியைத் தட்டச்சுச் செய்தால் என்ன நிகழும்? அவரது திரையில் நுழைவுப் பக்கமே தோன்றும். பாதுகாப்புச் சரியாக உள்ளதென எல்லோரும் நம்புவர். ஆனால் புள்ளிகள் அழிந்துவிட்டன. ஹெடர் கட்டளையை அடுத்து, அதே நிபந்தனைக்குள், எக்ஸிற் கட்டளையை இட்டால் வரி 2 நிறைவேறாது.

முடிவில்லாச் சுழற்சி

நுழைவுப் பக்கம், உள்நுழைந்தவரை முதற்பக்கத்துக்கு அனுப்புகிறது. முதற்பக்கத்தில் அமர்வைத் தொடக்கும் கட்டளை விடுபட்டதால், அது அவரை உள்நுழையாதவர் எனக் கருதி நுழைவுப் பக்கத்துக்கே திருப்பி அனுப்புகிறது. இரண்டும் மாறி மாறித் தொடரும். குரோம், பயர்பொக்ஸ் ஆகிய மேலோடிகள் 20 தடவை அளவில் நிறுத்தி வழுச்செய்தி தரும். இங்கே குற்றவாளி வழிமாற்றல் கட்டளை அன்று, அதற்கு முன் உள்ள நிபந்தனையே.

301ஐ அவசரப்பட்டு இடாதீர்கள்

301 நிரந்தர மாற்றத்தையும் 302 தற்காலிக மாற்றத்தையும் குறிக்கும். பீஎச்பீயில் நீங்கள் எதனையும் குறிப்பிடாவிடின் 302 செல்லும். 301 கிடைத்தால் மேலோடி அதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதன் பின் நீங்கள் செய்நிரலைத் திருத்தினாலும், மேலோடி சேவையகத்தைக் கேட்காமலே பழைய வழியிற் செல்லும். ஆகவே 302 இட்டுச் சோதித்து, சரியெனக் கண்ட பின்னரே 301 இடுக. படிவம் ஒன்றை அனுப்பிய பின் வேறு பக்கத்தைக் காட்ட 303 பொருத்தமானது. பயனர் புதிய பக்கத்தைப் புதுப்பித்தாலும் படிவம் மறுபடி செல்லாது.

வழுவைத் தேடும்போது திரையை மட்டும் பார்த்துப் பயனில்லை. மேலோடியில் எவ் 12 சாவியை அழுத்தி, வலையமைப்புப் பகுதியைத் திறந்து, பக்கம் மாறினாலும் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கும் தெரிவைச் செயற்படுத்துக. ஒவ்வொரு வேண்டுகோளின் நிலைக்குறியீடும் லொக்கேஷன் வரியும் அங்கே ஒழுங்காகத் தெரியும்.

பயிற்சி வினா

"நிர்வாகம்" என்னும் கோப்புறையில் உள்ள பக்கம் ஒன்று, கோப்புறைப் பெயரோ முன்சாய்கோடோ இன்றி "முதற்பக்கம்" என்னும் முகவரிக்கு வழிமாற்றுகிறது. முதற்பக்கம் தளத்தின் மூலக்கோப்புறையில் உள்ளது. 404 வழு தோன்றுவது ஏன்?

விடை: அம்முகவரி சார்பு முகவரியாகும். மேலோடி அதனை நிர்வாகக் கோப்புறைக்குள் உள்ளதாகக் கொண்டு கேட்கிறது. அங்கு அப்பக்கம் இல்லை. முகவரியின் முன்னே சாய்கோடு இட்டால் மூலக்கோப்புறையிலிருந்து தேடப்படும்.