துலாக் கிணற்றடி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது. மாரியில் மாத்திரம் ஓடுகின்ற வழுக்கியாற்றை ஆறென்று சொல்லிப் பெருமைப்படுபவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால், உலகத்து நாகரிகங்கள் ஆற்றங்கரைகளிலே தோன்றின என்று சரித்திர ஆசிரியர் படிப்பித்தபோது, "அப்படியென்றால் எங்களுடையது கிணற்றங்கரை நாகரிகம், சேர்" என்று வகுப்பில் ஒருவன் சொன்னதும், அவர் அவனை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்திவிட்டுத் தாமும் மறுபக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டதும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

பையன் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கின்ற மழைநீர் மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கற்பாறையின் பொந்துகளில் தேங்குகின்றது. கடலிலிருந்து உட்புகுந்த உப்புநீரின்மேல் அந்த நன்னீர் மிதந்து நிற்கின்றது. அளவோடு எடுத்தால் ஆண்டு முழுவதும் உண்டு; பேராசை கொண்டு எடுத்தால் கீழே கிடக்கும் உப்பு மேலே ஏறிவிடும். துலாவினால் இறைத்த அந்தக் காலத்தில், ஆசை எவ்வளவுதான் இருந்தாலும் உடம்பு இடங்கொடாது. ஆகவே கிணறு தப்பியது.

நான் பிறந்தது 1947 ஆம் ஆண்டு, வலிகாமம் வடக்கிலே ஒரு சிற்றூரில். கிடுகு வேலியும் பூவரசும் கிளுவையும் நிறைந்த ஒழுங்கை. படலையைத் திறந்தால் முற்றம். முற்றத்துக்கு அப்பால் தோட்டம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே கிணறு. கிணற்றின் இருபுறமும் ஊன்றிய ஆடுகால்கள் இரண்டும் பூவரசங் கதியால்கள். வெட்டி நட்டவை, தாமும் மரந்தான் என்பதை மறவாமல் தளிர்த்துவிட்டன. அவற்றின் குறுக்கே அச்சுலக்கை. அதன்மேலே நெடும்பனை ஒன்றின் உடலாகிய துலா.

இக்காலத்துப் பிள்ளைகள் துலாவைப் படத்திலே கண்டிருப்பார்கள். துலா மிதிப்பதைக் கண்டிருக்க மாட்டார்கள். விடிவெள்ளி தோன்றும் நேரத்தில் ஐயா துலாவின்மேல் ஏறுவார். கிணற்றை நோக்கி அவர் நடந்தால் துலாவின் முனை தாழ்ந்து பட்டை தண்ணீருக்குள் அமிழும். திரும்பிப் பின்புறமாக நடந்தால் பட்டை நிறைந்து மேலே வரும். கீழே அண்ணை நின்று பட்டையைச் சரித்து வாய்க்காலில் ஊற்றுவார். பனையோலையால் இழைத்த பட்டை அது. ஊற்றும்போது எழுகின்ற 'சளார்' என்ற ஓசையைக் கேட்டுத்தான் நான் கண்விழிப்பது வழக்கம். மூன்றாவது ஆளாகத் தோட்டத்தில் நின்று, ஒரு பாத்தி நிரம்பியதும் மண்ணை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்புவது என்னுடைய வேலை. புகையிலைக் கன்றுகளின் நடுவே, கணுக்கால் வரை குளிர்ந்த சேற்றில் நின்று, வாய்க்காலில் வரும் தண்ணீரோடு ஓலைத் தோணி விட்டு விளையாடியதால் எத்தனையோ பாத்திகள் உடைந்து பாய்ந்திருக்கின்றன. ஐயா துலாவின் உச்சியில் நின்றபடியே அதைக் கண்டுவிடுவார். இறங்கி வந்து அடிப்பதற்கு அவருக்கு நேரமிராது. அதுவே எனக்குக் கிடைத்த சுதந்திரம்.

கவலையற்ற காலம் என்று அதைச் சொல்கிறோம். எங்களுக்குக் கவலை இல்லை என்பது உண்மை; எங்களுடைய பங்கையும் சேர்த்துப் பெரியவர்கள் பட்டார்கள் என்பது பின்னாளில் விளங்கியது. 1953 இல் அரிசி விலை ஏறியபோது, இரவுச் சோறு குரக்கன் பிட்டாக மாறியது எனக்குக் கொண்டாட்டமாகவே இருந்தது. அம்மாவுக்கு அது எப்படி இருந்ததென்று நான் கேட்டதில்லை.

வருடம் எங்களுக்குப் பஞ்சாங்கத்தால் நகரவில்லை; தின்பண்டத்தாலும் விளையாட்டாலுமே நகர்ந்தது. தை பிறந்தால் வாடைக்காற்றில் பட்டம். கொக்குப் பட்டத்தின் தலையிலே கட்டிய விண், இரவு முழுவதும் வானத்தில் கூவிக்கொண்டிருக்கும். சித்திரையில் போர்த்தேங்காய். ஆடிப்பிறப்பன்று பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் பயறும் சேர்ந்த கூழைப் பலாவிலையைக் கோலிக் குடிப்போம். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் அந்த நாளைப் பாட்டாக்கிப் பிள்ளைகளுக்குத் தந்ததால், ஊரே அன்று ஒரு குரலில் பாடும். ஆவணி புரட்டாதியிலே பனம்பழம்.

பனம்பழத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் அவனை அங்கேதான் நான் கண்டுகொண்டேன். இரவிலே பழம் விழும் ஓசை கேட்டால், எத்தனை விழுந்தன என்று பாயிற் கிடந்தபடியே எண்ணிக்கொள்வேன். விடியுமுன் கடகத்தோடு பனங்கூடலுக்கு ஓடினால், எனக்கு முன்னரே அவன் அங்கே நிற்பான். அவனுடைய தந்தையார் பனையேறுபவர். எங்கள் தோட்டத்திலே கொத்தவும் வருபவர். எனக்கும் அவனுக்கும் வயது ஒன்று. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எந்தப் பனையின் பழம் தித்திக்கும், எது காறும் என்பதை ஓசையைக் கொண்டே சொல்லக்கூடியவன். நல்லவற்றை என் கடகத்திலே போட்டுவிட்டு, வண்டு துளைத்தவற்றைத் தான் எடுத்துச் செல்வான். அதை நட்பு என்று நினைத்தேன். நட்புத்தான், ஆனால் பழங்களை அப்படிப் பிரிக்க அவனுக்கு யார் கற்பித்தார்கள் என்று அந்த வயதில் நான் யோசிக்கவில்லை.

பிற்பகலில் கோயிலுக்குத் தெற்கே கிடந்த தரவையில் கிளித்தட்டு. குதிக்காலால் கோடு கீறித் தட்டுப் பிரித்து, ஒவ்வொரு கோட்டிலும் ஒருவன் நின்று மறிக்க, மறிப்பவனுடைய கை உடம்பிலே படாமல் அப்பால் சென்று திரும்பி வருதல் வேண்டும். அவனைப்போல் தட்டு மறிப்பவன் எங்கள் ஊரில் இல்லை. கால் ஒருபுறம் போவதுபோலக் காட்டிக் கை மறுபுறம் பாயும். எத்தனை நூறு முறை அவனுடைய உள்ளங்கை என் முதுகிலே அறைந்திருக்கும்! தொடுவதுதானே அந்த விளையாட்டு.

விளையாட்டு முடிந்ததும் எங்கள் கிணற்றடிக்குத் தண்ணீர் குடிக்க ஓடிவருவோம். நாங்கள் துலாக்கயிற்றைப் பிடித்து இழுத்து வாளியோடு வாய்வைத்துக் குடிப்போம். அவன் தோய்கல்லுக்கு அப்பால் நின்று இரண்டு கைகளையும் குவித்துக்கொள்வான். யாராவது ஒருவர் மேலேயிருந்து ஊற்றவேண்டும். அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. வேப்பங்காய் கசக்கும், உப்பு கரிக்கும் என்பவற்றைப் போல அதுவும் உலக இயற்கை என்று இருந்துவிட்டேன்.

1957 இல் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சாதியின் பேரால் ஒருவரை விலக்கி வைப்பது குற்றம் என்று ஆசிரியர் வகுப்பிலே பத்திரிகையை வாசித்துக் காட்டினார். ஆயினும் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலே சிலருக்குக் கண்ணாடிக் குவளை, சிலருக்குப் போத்தல் என்பது மாறவில்லை. சட்டம் ஒழுங்கை வரையில் வந்தது. படலையைத் திறந்து உள்ளே வரவில்லை.

அடுத்த ஆண்டு, சித்திரைப் புதுவருடம் கழிந்து சில நாட்களில், ஒரு பிற்பகல். வெயில் மண்ணைப் பொரித்துக்கொண்டிருந்தது. தரவையிலிருந்து நாங்கள் இருவருமே வந்தோம். வீட்டில் ஒருவருமில்லை என்று நினைத்தேன். அவன் வழக்கம்போலத் தோய்கல்லுக்கு அப்பால் நின்றான். எனக்குக் கையிலே முள் ஏறியிருந்தது. கயிற்றை இழுக்கப் பஞ்சியாகவும் இருந்தது. "நீயே அள்ளடா, ஒருத்தரும் இல்லை" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். "உண்மையாகவோ?" என்று கேட்டான். பிறகு வந்து கயிற்றைப் பிடித்தான். அவன் தண்ணீரை இறைத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆசையோடு, மெதுவாக, துலா தாழ்வதையும் உயர்வதையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு இறைத்தான். முதலில் எனக்குத் தந்தான். பிறகு தான் குடித்தான்.

ஆச்சி வேலிப் பொட்டினூடாக அயல் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

அவர் கூச்சலிடவில்லை. அவனை ஏசவுமில்லை. "நீ வீட்டை போ மோனை" என்று மாத்திரம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஆர் சொல்லி அவன் துலாவிலை கை வைச்சவன்?" என்று கேட்டார்.

"நான் சொல்லேல்லை. அவன் தானாய்த்தான் வந்தவன்" என்றேன்.

அவன் படலையடியில் இருந்தான். கேட்டிருப்பான்.

மறுநாள் கிணறு இறைக்கப்பட்டது. ஐயாவும் அண்ணையும் சித்தப்பாவும் விடியற்காலை தொடங்கிப் பொழுதுபடும்வரை துலாவிலும் கிணற்றுக்கட்டிலும் மாறிமாறி நின்றார்கள். இறைக்க இறைக்க ஊற்று விட்டுக்கொடுக்கவில்லை. ஐயா அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமா, வெட்கமா, களைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கும் துணிவும் இல்லை. அடிமண் தெரிந்த பிறகு மஞ்சள் நீர் தெளித்தார்கள். இறைத்த தண்ணீரெல்லாம் வாழைகளுக்குத்தான் போயிற்று. வாழைகள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாலையிலே அவனுடைய தந்தையார் படலைக்கு வெளியே வந்து, சால்வையை இடுப்பிலே கட்டிக்கொண்டு நின்றார். "பொடியன் தெரியாமற் செய்துபோட்டான், நயினார்" என்றார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. நான் அறைக்குள் சென்று, நாளைய கணக்குகளைச் செய்வதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தேன். அவன் அன்று வீட்டிலே அடிவாங்கினான் என்று பிறகு கேள்விப்பட்டேன். கிளித்தட்டுக்கு அவன் அதன்பிறகு வரவில்லை. ஆவணியில் பனங்கூடலுக்குப் போனேன். எனக்கு முன்னரே வந்தவர் எவருமில்லை. பழங்கள் அப்படியே கிடந்தன.

அறுபதுகளிலே மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஊருக்குள் பரவின. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. துலாவைக் கழற்றிக் கொட்டிலுக்கு வளையாகப் போட்டார்கள். ஐயாவின் முழங்கால் நோவு குறைந்தது என்பதை நினைக்கையில், துலாப் போயிற்றே என்று புலம்புவதற்கு எனக்கு உரிமையில்லை. ஓசை மாத்திரம் போய்விட்டது.

அவனை 1969 இல் யாழ்ப்பாணப் பஸ் நிலையத்திலே மறுபடி கண்டேன். வெள்ளைக் காற்சட்டை, கையிலே புத்தகங்கள். ஆசிரியப் பயிற்சியில் இருப்பதாகச் சொன்னான். நான் "எப்படியடா இருக்கிறாய்?" என்றேன். அவன், "நான் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீங்கள்?" என்றான். பதினொரு வயது வரையில் என்னை 'நீ' என்றும் 'டேய்' என்றும் அழைத்தவன். அந்த 'நீங்கள்' மரியாதை அன்று. தோய்கல்லுக்கும் கிணற்றுக்கட்டுக்கும் இடையிலிருந்த அந்த நான்கு முழம். இம்முறை அளந்து வைத்தவன் அவன். ஆச்சியைப் பற்றி விசாரித்தான். இறந்து இரண்டு வருடம் என்றேன். "பனங்காய்ப் பணியாரம் சுட்டால் எனக்கும் எடுத்து வைப்பா" என்றான். அதுவும் உண்மைதான். சொல்லவேண்டியது என் தொண்டை வரை வந்தது. அவனுடைய பஸ்ஸும் வந்துவிட்டது.

1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் எங்கள் ஊர் முழுவதும் ஒரே நாளில் எழுந்து ஓடியது. தங்கிய பாடசாலை ஒன்றிலே, எல்லாருக்குமாக ஒரு கிணறுதான் இருந்தது. வாளிகளோடு எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். அங்கேயும் தனி வாளி தேடியவர்கள் சிலர் இருந்தார்கள் என்பதை மறைப்பது நியாயமன்று. அவனுடைய குடும்பம் எத்திசையில் சென்றது என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவர் வன்னி என்றார், ஒருவர் கனடா என்றார்.

எங்கள் காணி 2017 இல் விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு வருடம் கழித்துப் போய் நின்றபோது, வீடு இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. சுவரில்லை, வேலியில்லை, எல்லைக் கல்லில்லை, எங்கும் பற்றைக்காடு. அதன் நடுவே இரண்டு பெரிய பூவரச மரங்கள் மாத்திரம் அருகருகே ஓங்கி, உச்சியிலே கிளை கோத்து நின்றன. சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்ற பின்னரே எனக்கு உறைத்தது: அவை எங்கள் ஆடுகால்கள். அவற்றின் நடுவே பற்றையை வெட்டிப் பார்த்தோம். கிணறு இருந்தது.

நாலைந்து இளைஞர்கள் இயந்திரம் கொண்டுவந்து இறைத்தார்கள். அன்று மூன்று ஆண்கள் பகல் முழுவதும் பாடுபட்ட வேலை, இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது. அடிச்சேற்றிலிருந்து துருப்பிடித்த வாளி ஒன்று, உடைந்த கும்பா ஒன்று, பச்சை நிறப் போளை இரண்டு வந்தன. போளைகளைக் கழுவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒன்று என்னுடையதாக இருக்கலாம்.

மறுநாட் காலையில் தண்ணீர் தெளிந்து ஊறியிருந்தது. இளைஞர்களில் ஒருவன் நைலோன் கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கி, அள்ளி, முதலில் தான் குடித்துப் பார்த்தான். "உப்பில்லை, ஐயா. குடியுங்கோ" என்று வாளியை என்னிடம் நீட்டினான். நான் இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டேன். அவன் ஊற்றினான்.