ஒரு நாள் மலை... திரும்பி வர ப்ளான் இருக்கா?

செமஸ்டர் லீவுக்கு இமயமலைன்னு கேங் மொத்தமும் கை தூக்கியாச்சா? சூப்பர்! டென்ட், ஐஸ் கோடாரின்னு மிரள வேண்டியதில்லை. காலையில கிளம்பி, மலையில நடந்து, சாயங்காலம் லாட்ஜுக்கு வந்து சூடா மேகி சாப்பிடற மாதிரி 'டே ஹைக்' அங்கே நிறைய இருக்கு. சிக்கலே அதுலதான். 'ஒரு நாள்தானே மச்சி'ன்னு யாரும் ப்ளானே பண்றதில்லை!

உத்தரகாண்ட், சமோலி மாவட்டத்தில் இருக்கிற பூக்களின் பள்ளத்தாக்கையே எடுத்துக்கலாம். 'வேலி ஆஃப் ஃப்ளவர்ஸ்'னு சொன்னா கூகுளுக்கும் தெரியும். 1931-ல் காமெட் சிகரத்தில் ஏறிட்டுத் திரும்பின ஃப்ராங்க் ஸ்மைத் குழு, தற்செயலா இதுக்குள் இறங்கி அசந்துபோச்சு. மனுஷன் மறுபடியும் வந்து தங்கி, 1938-ல் ஒரு புத்தகமே எழுதிட்டார். இப்ப இது தேசியப் பூங்கா. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தாச்சு. உள்ளே ராத்திரி தங்க அனுமதி கிடையாது. அதனால ஸ்மைத் மாதிரி கூடாரம் போட ஆசைப்பட்டாலும் நமக்குக் கிடைக்கிறது ஒரு பகல்தான்.

ரூட் சிம்பிள். ஹரித்வார் அல்லது ரிஷிகேஷிலிருந்து ஒரு பகல் முழுக்க மலைப்பாதையில் குலுங்கி ஜோஷிமட். அங்கிருந்து கோவிந்த்காட். அடுத்து புல்னா வரைக்கும் ஜீப். அப்புறம் பத்து கிலோமீட்டர் நடை. வந்து சேர்ற இடம் காங்காரியா, உயரம் சுமார் 3,050 மீட்டர். இதைக் கொஞ்சம் யோசிங்க... தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். அதாவது, அங்கே நீங்க போர்வை போர்த்தித் தூங்கற ரூமே ஆனைமுடி உச்சியைவிட மேலே இருக்கு!

அதனால முதல் நாள் சாயங்காலம் லேசா தலை வலிச்சா, 'ஜிம் போற பாடி மாப்ள'ன்னு டயலாக் விடாதீங்க. உயரத்துக்கு ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் எல்லாம் தெரியாது. கிரிக்கெட் கேப்டனுக்கும் வரும், கேன்டீன்ல உட்கார்ந்தே டிகிரி முடிக்கிறவருக்கும் வரும். தலைவலியோட குமட்டலும் சேர்ந்தா மறுநாள் மேலே ஏறக் கூடாது. குறையாம அதிகமாச்சுன்னாலோ, நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்கணும். மாத்திரை போட்டு வலியை அமுக்கிட்டு ஏறுறதுதான் ஆபத்து. ஆஸ்துமா, இதயப் பிரச்னை இருக்கிறவங்க கிளம்பும் முன்னாடியே டாக்டரைப் பார்த்துடுங்க.

காங்காரியாவிலிருந்து ரெண்டு நடை இருக்கு. ஒண்ணு பள்ளத்தாக்கு. இன்னொண்ணு ஹேம்குந்த் சாஹிப்... 4,000 மீட்டருக்கு மேலே, ஏரிக்கரையில் ஒரு குருத்வாரா. அங்கேயும் ராத்திரி தங்க முடியாது. ரெண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம்னு ஒரு ஹீரோ எல்லா கேங்கிலும் இருப்பார். அவரைப் பேச விடாதீங்க.

இப்ப கணக்கு. 1892-ல் நெய்ஸ்மித்னு ஸ்காட்லாந்து மலையேறி ஒருத்தர் ஈஸியா ஒரு ஃபார்முலா கொடுத்தார். ஐந்து கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஹேம்குந்துக்கு ஆறு கிலோமீட்டர், ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கும் மேல். கூட்டினா மூணு மணி நேரத்தைத் தாண்டுது. ஆனா அவர் சொன்னது அவங்க ஊர் தாழ்ந்த மலைக்கு, நல்லா நடக்கிற ஆளுக்கு. காத்து மெலிஞ்ச இடத்தில், பத்தடிக்கு ஒரு செல்ஃபி எடுக்கிற நமக்கு? பாதி சேர்த்து ஐந்து மணி நேரம்னு வெச்சுக்குங்க. காலை ஆறு மணிக்குக் கிளம்பினா பதினொண்ணு.

இங்கேதான் விஷயமே இருக்கு. 'எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்'னு எல்லோரும் பேசறோம். 'எத்தனை மணிக்குத் திரும்பறோம்'னு யாரும் பேசறதில்லை. அதை முந்தின நாள் ராத்திரியே, வயிறு நிறைஞ்சு மூளை வேலை செய்யும்போதே முடிவு பண்ணிடணும். பன்னிரண்டுன்னா பன்னிரண்டு. குருத்வாரா கண்ணுக்குத் தெரிஞ்சாலும் சரி, லங்கர் டீ வாசம் மூக்கைத் துளைச்சாலும் சரி, U-டர்ன்! மேலே போய் முடிவு எடுக்கலாம்னு விட்டா, 'இன்னும் பத்தே நிமிஷம்டா'ன்னு ஒரு குரல் வரும். அந்தப் பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாகும். மலையில் மதியத்துக்கு மேல மேகம் இறங்கும், மழை பிடிக்கும், கல்லு வழுக்கும். களைச்சுப்போன கால் தடுமாறுறது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. 2024 ஜூன் தொடக்கத்தில், இதே உத்தரகாண்டின் சஹஸ்திர தால் பகுதிக்குக் கர்நாடகாவிலிருந்து போன குழு மோசமான வானிலையில் சிக்கி, 9 பேர் இறந்தாங்க. அது பல நாள் ட்ரெக், கூடவே வழிகாட்டிகளும் இருந்தாங்க. நம்ம கூட யார் இருக்காங்க?

பள்ளத்தாக்குக்குள்ளேயும் ஒரு சமாதி இருக்கு. லண்டன் கியூ பூங்காவுக்காகச் செடிகள் சேகரிக்க 1939-ல் வந்த ஜோன் மார்கரெட் லெக், பாறைச் சரிவில் வழுக்கி விழுந்து இறந்துபோனார். பலர் அதுவரைக்கும் நடந்துட்டுத் திரும்புவாங்க. பாதை பெரும்பாலும் சமதளம்ங்கறதால நேரம் போறதே தெரியாது. வாட்ச்சில் அலாரம் வெச்சுடுங்க.

பூங்கா ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். பூ கொட்டிக் கிடக்கிறது ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும். மழையும் மண்சரிவும் அதே சமயத்தில்தான்! 2013 ஜூன் வெள்ளத்தில் காங்காரியா போற பாதையே பெருமளவு அடிச்சுட்டுப் போச்சு. அதனால ரிட்டர்ன் டிக்கெட்டை ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க. 'நாளைக்கு ட்ரெயின்'ங்கற அவசரம்தான் மழையிலேயும் மலை ஏற வைக்குது. ஹேம்குந்துக்கு யாத்திரைப் பதிவு கேட்கறாங்க, அதையும் கிளம்பும் முன்னாடி பார்த்துக்குங்க.

பையில் மழைக்கோட்டு, ஸ்வெட்டர், டார்ச், தண்ணி, கடலை மிட்டாய், விசில். ஜீன்ஸ் வேண்டாம் ப்ளீஸ்... நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிடும். கேங்கில் மெதுவா நடக்கிற ஆளை முன்னாடி விடுங்க. கடைசியா வர்றவர் எப்பவும் தனியா வர்றார், அவர்தான் தலைவலியை வெளியே சொல்லாதவர். ஒருத்தர் 'முடியலை'ன்னா கூட ரெண்டு பேர் இறங்கணும். யார் யார்ங்கறதையும் ராத்திரியே பேசிடுங்க, இல்லைன்னா அங்கே முகத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பீங்க.

போன் சிக்னலை நம்பாதீங்க. காலையில் லாட்ஜ்காரர்கிட்ட எந்தப் பக்கம் போறீங்க, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு சொல்லிட்டு, ரூம் சாவியை அவர் கையிலேயே கொடுத்துட்டுக் கிளம்புங்க. சாயங்காலம் அந்தச் சாவி ஆணியிலேயே தொங்கிட்டிருந்தா, நீங்க இன்னும் வரலைன்னு அவருக்காவது தெரியும்.