எண்ணெய் தரும் வெப்பமும் தவறான எண்ணங்களும்

1842-ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டிலிருந்து பிரசன்டேஷன் சபைக் கன்னியர் சென்னைக்கு வந்து கல்விப்பணி தொடங்கினர். இன்றோ நம் நாட்டுக் குருக்களும் செவிலியரும் அத்தீவுக்குப் பணியாற்றச் செல்கின்றனர். நம் இல்லங்களில் விளக்குக்கும் அடுப்புக்கும் பயன்பட்ட மண்ணெண்ணெய், அங்கே குளிர்காலத்தில் வீட்டையே வெப்பப்படுத்துகிறது. வட அயர்லாந்தில் பாதிக்கு மேற்பட்ட இல்லங்கள் எண்ணெயையே நம்பியுள்ளன. எனினும், இதனைப்பற்றிய தவறான எண்ணங்கள் பல. பிள்ளைகளை அங்கே அனுப்பியுள்ள பெற்றோரும் இவற்றை அறிதல் நலம்.

அறைக்குள் எண்ணெய் எரிகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கொதிகலனில் எண்ணெய் எரிந்து நீரைச் சூடாக்குகிறது. அந்நீர் குழாய்கள் வழியே ஒவ்வோர் அறையிலுமுள்ள இரும்புத் தகடுகளுக்குச் சென்று வெப்பம் பரப்புகிறது.

எண்ணெய்த் தொட்டி வெடித்துவிடுமோ என்பது அடுத்த அச்சம். ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மண்ணெண்ணெய், தீப்பற்றுமளவுக்கு ஆவியை வெளியிடுவதில்லை. ஆகவேதான் கொதிகலன் அதனை நுண்துளிகளாகத் தெளித்து எரிக்கிறது. மெய்யான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. புகைபோக்கி அடைபட்டாலோ, காற்றோட்டம் குறைந்தாலோ கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். "எண்ணெய் வாடை வீசவில்லை, ஆகவே அபாயமில்லை" என்பது உயிருக்கே உலைவைக்கும் எண்ணம் அன்றோ? ஆண்டுக்கொரு முறை தேர்ந்த பணியாளரைக் கொண்டு கொதிகலனைச் சோதிப்பதும், எச்சரிக்கைக் கருவி பொருத்துவதும் இன்றியமையாதவை. குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துவாரங்களை அடைத்தலாகாது.

வெப்பநிலைக் கருவியை உச்சத்தில் திருப்பினால் அறை விரைவில் சூடாகும் என்பதும் தவறே. கொதிகலனின் வேகம் அதனால் கூடுவதில்லை. வேண்டிய அளவைக் கடந்தும் எண்ணெய் எரிந்து வீணாகும். தொட்டி முற்றிலும் வற்றியபின் நிரப்பிக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும் சரியன்று. அடியில் தங்கிய கசடு குழாயை அடைக்கும். உட்புகுந்த காற்றை நீக்கினாலன்றிக் கொதிகலன் இயங்காது.

இறுதியாக, ஏழைகள் சிறிது சிறிதாக எண்ணெய் வாங்குவதைச் சிக்கனம் என்பர் சிலர். தொட்டியை நிரப்பப் பணமில்லாதவரே 20 லிட்டர் கலன்களில் வாங்குகின்றனர். லிட்டர் ஒன்றுக்கு அவர்கள் கொடுக்கும் விலையோ மற்றவர்களைவிட அதிகம். இல்லாதவனிடமே மிகுதியாகப் பெறுவது எவ்வகை நீதி? இத்தகைய இல்லங்களின் கதவைத் தட்டி, எரிபொருள் செலவுக்கு உதவி வருகின்றனர் அயர்லாந்தின் வின்சென்ட் தே பவுல் சபையினர்.

ஆடையற்றோரை உடுத்துதல் திருச்சபை கற்பிக்கும் இரக்கச் செயல்களுள் ஒன்று. குளிர் நாட்டில் முதியவர் ஒருவரின் அறையில் வெப்பம் அணையாமல் காப்பதும் அதுவே. நம் ஊரில் அது மழைக்கால இரவில் ஒரு கம்பளியாக இருக்கலாம். தேவை எங்குள்ளதென நம் பங்கிலும் கண்திறந்து பார்ப்போமா?