ஈசிஆர் பீச் ஹவுஸ்ல சாப்பாடு எங்கேருந்து வரும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் உங்க மெசேஜ்ல இருந்து வந்தது. நிறைய பேர் ஒரே மாதிரி கேட்டிருந்தீங்க: "வீக்கெண்டுக்கு கோவளம் பக்கம் பீச் ஹவுஸ் புக் பண்ணியிருக்கோம். எட்டு பேர் போறோம். யாருக்கும் ஒழுங்கா சமைக்கத் தெரியாது. ஆர்டர் பண்ணிக்கலாமா?"

கேரளா கோவளம் இல்லைங்க. நம்ம சென்னைக்குத் தெற்கே, முட்டுக்காடு தாண்டினதும் வர்ற கோவளம். அங்கேருந்து மாமல்லபுரம் வரைக்கும் இருக்கிற கடற்கரை ஊர்களைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன். நண்பர்களோட பல தடவை அங்க தங்கியிருக்கேன். சாப்பாட்டுப் பொறுப்பு பெரும்பாலும் என் தலையிலதான் விழும்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஆர்டர் பண்ணலாம், ஆனா ஆப்பை மட்டும் நம்பிப் போகாதீங்க. மதியச் சாப்பாட்டைக் காலையிலயே முடிவு பண்ணுங்க. ராத்திரிச் சாப்பாட்டை சாயங்காலம் 6 மணிக்குள்ள முடிவு பண்ணுங்க. ஏன் இவ்வளவு கறாரா சொல்றேன்னா, இது வெறும் பசி விஷயம் இல்லை. அதுக்குக் கடைசியில வர்றேன்.

ஆப்ல ஏன் கடையே காட்ட மாட்டேங்குது?

ஸ்விக்கியோ சொமேட்டோவோ, ஒரு கடை உங்க திரையில தெரியணும்னா மூணு விஷயம் சேரணும். கடை குறிப்பிட்ட தூரத்துக்குள்ள இருக்கணும். அந்த நேரத்துல கடை திறந்து, ஆர்டர் எடுக்கிற நிலையில இருக்கணும். பக்கத்துல ரைடர் யாராவது இருக்கணும். அடையாறுலயோ வேளச்சேரியிலயோ இந்த மூணும் எப்பவும் சேர்ந்தே இருக்கும், அதனால நாம யோசிக்கிறதே இல்லை. கடற்கரை ஊர்ல மூணுல ஒண்ணு விட்டுப்போனாலும் லிஸ்ட் காலியாயிடும்.

இதுல ஈசிஆருக்குன்னு தனியா ஒரு சிக்கல் இருக்கு. மேப்பைத் திறந்து பாருங்க. கிழக்கே கடல். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், முட்டுக்காடு கழிமுகம், உப்பளம். அதுக்கு அந்தப் பக்கம் ஓஎம்ஆர். ஐடி கம்பெனி, ஹாஸ்டல், அபார்ட்மெண்ட் எல்லாம் அங்கதான், அதனால கடைகளும் ரைடர்களும் அங்கதான். நேர்கோட்டுல பார்த்தா கைக்கெட்டுற தூரம். ஆனா நடுவுல தண்ணி இருக்கே! வண்டி தண்ணியைத் தாண்ட சில இணைப்பு ரோடுகள்தான் இருக்கு. வடக்கேயிருந்து சொன்னா அக்கரை–சோழிங்கநல்லூர் ரோடு, கோவளம்–கேளம்பாக்கம் ரோடு, நெம்மேலி–திருப்போரூர் ரோடு. கடைசியா மாமல்லபுரம் பக்கத்துல பூஞ்சேரியில ஓஎம்ஆரே வந்து முடியுது.

இதை மனசுல வச்சுக்கிட்டா எந்த ஊர்ல என்ன கிடைக்கும்னு நீங்களே சொல்லிடலாம். கோவளத்துல தங்கினா, உங்க ஆப்ல தெரியற கடைகள்ல நிறைய கேளம்பாக்கத்துல இருந்து வரும். ரோடு நேரா இருக்கு, தூரமும் குறைவு. மாமல்லபுரம் டூரிஸ்ட் ஊர். அங்கேயே ஹோட்டல்கள் இருக்கு, நடந்தே போய் வாங்கலாம். கஷ்டம் நடுவுலதான். வடநெம்மேலி, பட்டிபுலம், சாலவன்குப்பம் மாதிரி ஊர்கள். முதலைப் பண்ணையும் புலிக்குகையும் இருக்கிற அந்த நீளம். பீச் ஹவுஸ் விளம்பரத்துல 'அமைதியான சூழல்'னு போட்டிருந்தா, பக்கத்துல கடை இல்லைன்னு ஒரு அர்த்தமும் அதுக்கு உண்டு.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடியே ஒரு வேலை செய்யுங்க. ஆப்ல டெலிவரி அட்ரஸா அந்த வீட்டோட இடத்தை வச்சுப் பாருங்க, அதுவும் சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு. செவ்வாய்க்கிழமை மதியம் பார்த்தா வர்ற லிஸ்ட்டை நம்பாதீங்க.

ரைடர் பக்கத்துல இருந்து ஒரு நிமிஷம்

ஒருதடவை பார்சல் கொண்டு வந்த தம்பிகிட்ட, "ஏம்ப்பா இந்தப் பக்கம் யாருமே ஆர்டர் எடுக்க மாட்டேங்கிறாங்க?"ன்னு கேட்டேன். "வரும்போது சோறு இருக்குண்ணா, திரும்பும்போது காத்துதான் இருக்கு"ன்னான். விஷயம் அவ்வளவுதான். சிட்டிக்குள்ள ஒரு டெலிவரி முடிச்ச இடத்துலயே அடுத்த ஆர்டர் கிடைச்சிடும். இங்க திரும்பிப் போற தூரம் முழுக்க அவங்க பெட்ரோல், அவங்க நேரம். தமிழ்நாட்டுல கிக் தொழிலாளர்களுக்குத் தனி நலவாரியம் அமைக்கப்படும்னு 2023 சுதந்திர தின உரையில முதல்வர் அறிவிச்சார். அதெல்லாம் ஒரு பக்கம். நம்ம அளவுல செய்யக்கூடிய சின்ன விஷயங்கள் இருக்கு.

பீச் ஹவுஸுக்குப் பெரும்பாலும் கதவு எண் இருக்காது, பேர்தான் இருக்கும். சந்துல தெருவிளக்கும் குறைவு. அதனால லொக்கேஷனை வீட்டு மேல வைக்காம, மெயின் ரோட்டுல ஒரு பஸ் ஸ்டாப், கோயில் வளைவு, பெட்ரோல் பங்க் மாதிரி இடத்துல வைங்க. அங்க போய் நின்னு வாங்கிக்குங்க. எட்டு பேருக்கு எட்டு ஆர்டர் போடாம ஒரே கடையில ஒரே ஆர்டரா போடுங்க. டிப்ஸ் கொடுக்க முடிஞ்சா கையில கொடுங்க. அடுத்த நாளும் அதே ரைடர் உங்க ஆர்டரை எடுக்க அது ஒரு காரணமா இருக்கும்.

இன்னொண்ணு, கேளம்பாக்கம் மாதிரி இடத்துல இருக்கிற நடுத்தர ஹோட்டலுக்கு நேரா போன் பண்ணிப் பாருங்க. எட்டு பிரியாணி, நாலு சிக்கன் 65ன்னு பெரிய ஆர்டரா இருந்தா, ஜிபேல காசு வாங்கிட்டு கடைப் பையனையே அனுப்புற இடங்களும் உண்டு. ஆப் கமிஷன் இல்லாததால விலையும் குறையலாம்.

ஊரோட நேரம்

இப்போ ஆப் இல்லாத வழிக்கு வருவோம். கடற்கரை ஊர்ல சின்னச் சின்ன டிபன் கடை, மெஸ், பரோட்டா கடை எல்லாம் இருக்கும். ஆனா அதுங்க உங்க நேரத்துக்கு ஓடாது. டிபன் கடையில காலையில 7 மணிக்கு இட்லி சூடா இருக்கும், 10 மணிக்கு மேல மாவு தீர்ந்திருக்கும். மீல்ஸ் 12.30 மணிக்கு மேல. 3 மணிக்கு மேல போனா ரசம் சாதம் கிடைச்சாலே பெருசு. 3 மணிலேருந்து 6 மணி வரைக்கும் டீ, பஜ்ஜி, பிஸ்கட். அப்புறம் பரோட்டா கல் சூடாகும். சுமார் 10 மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிடுவாங்க.

நம்ம ஆளுங்க எப்படி? முதல் நாள் ராத்திரி ரெண்டு மணிக்குத் தூங்கி, காலையில 11 மணிக்கு எழுந்து, கடல்ல இறங்கிட்டு, 3.30 மணிக்கு "மச்சி, பசிக்குது"ம்பாங்க. ஊர்ல ஒரு அடுப்பும் எரியாத நேரத்தைப் பார்த்துப் பசிக்கும்.

அதனால வீட்டுக்குப் போய் இறங்கினதும் வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கேளுங்க: "அண்ணே, நீங்க எங்க சாப்பிடுவீங்க? அந்தக் கடை எத்தனை மணி வரைக்கும்?" கூகுள் ரேட்டிங்கைவிட இந்தக் கேள்வி எனக்கு நல்லா வேலை செஞ்சிருக்கு. பல இடங்கள்ல அவரோட வீட்டம்மாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ சமைச்சுக் கொடுப்பாங்க. அப்படிச் சொன்னா மூணு விஷயத்தை முன்கூட்டியே பேசிடுங்க. எத்தனை பேர், சாமான் யார் வாங்குறது, கூலி எவ்வளவு. முன்பணம் கொடுத்துடுங்க. ராத்திரி 9 மணிக்குப் போன் பண்ணி "அக்கா, நாலு பேர் கூட வந்துட்டாங்க"ன்னு சொல்லாதீங்க. அவங்களுக்கும் காலையில வேலை இருக்கும்.

மீன் சாப்பிடணும்னா

கடற்கரைக்குப் போய் மீன் சாப்பிடாம வர மனசு வராது. மீனுக்கும் நேரம் உண்டு. ஃபைபர் படகுகள் பெரும்பாலும் விடியறதுக்கு முன்னாடி போய், காலையில திரும்பும். கரையிலேயே ஏலம் நடக்கும். அப்போ போனா சங்கரா, நெத்திலி, கானாங்கெளுத்தி, இறால், நண்டுன்னு அன்னைக்குக் கிடைச்சதைப் பார்த்து வாங்கலாம். சமைச்சுக் கொடுக்கிற அக்காவைக் கூட்டிட்டுப் போனா இன்னும் நல்லது. நமக்கு விலையும் தெரியாது, செவுளைத் தூக்கிப் பார்க்கவும் தெரியாது.

காலண்டரையும் பாருங்க. கிழக்குக் கடற்கரையில ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளை நிறுத்திடுவாங்க. சின்னப் படகுகள் போகும், ஆனா மொத்த வரத்து குறையும், விலை ஏறும். நாம லீவுக்குக் கிளம்புற மே மாசம் சரியா இதுக்கு நடுவுல வருது. அந்த நேரத்துல பெரிய வஞ்சிரம் வறுவல் சல்லிசா கிடைச்சா, அது எத்தனை நாள் ஐஸ்ல இருந்ததுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

பார்சல் கட்டும்போது

தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடற பிளாஸ்டிக் பைகளுக்கும், சாப்பாடு கட்டற பிளாஸ்டிக் தாள்களுக்கும் தடை இருக்கு. நடைமுறையில கவர்ல சாம்பார் கட்டறதை இன்னும் பார்க்கறோம். வீட்டுல இருந்து ரெண்டு தூக்குவாளி, ஒரு டிபன் கேரியர் எடுத்துட்டுப் போங்க. கொதிக்கிற சாம்பாரைக் கவர்ல வாங்க வேண்டாம். காலி கவர் கடலுக்கும் போகாது.

எதை பார்சல் வாங்கலாம்? இட்லி, சப்பாத்தி, லெமன் சாதம், பிரியாணி எல்லாம் தாங்கும். பரோட்டாவும் சால்னாவும் தனித்தனியா வாங்குங்க. தோசை வேண்டாம், 20 நிமிஷத்துல ரப்பர் ஆயிடும். மீன் வறுவலை இறுக்கமா மூடினா வேர்த்து நமுத்துப் போகும், மூடியைக் கொஞ்சம் திறந்து வைங்க.

சமைச்ச சாப்பாட்டை வெளியில 2 மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாதுங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட அறிவுரை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல இருந்தா கிருமி வேகமாப் பெருகும். நம்ம கடற்கரை வெயில் அந்த அளவுக்கு நடுவுலதான் எப்பவும் இருக்கு. மதியம் 1 மணிக்கு வந்த சிக்கன் பிரியாணியை "ராத்திரிக்கு ஆகும்"னு மேஜை மேலயே விட்டுடாதீங்க. மீதியை உடனே ஃப்ரிட்ஜ்ல வைங்க. ராத்திரி நல்லா ஆவி பறக்கச் சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

ராத்திரி 11 மணி

முதல்ல சொன்னேன் இல்லையா, இது பசி விஷயம் மட்டும் இல்லைன்னு. இந்த எபிசோடை நான் பண்றதே இந்தப் பகுதிக்காகத்தான்.

ராத்திரி 11 மணி. ஆப் காலி. பரோட்டா கடை மூடியாச்சு. எட்டு பேருக்கும் பசி, அதுல அஞ்சு பேர் குடிச்சிருக்காங்க. அப்போ ஒருத்தன் எழுந்து, "நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்டா, கேளம்பாக்கம்தானே"ன்னு பைக் சாவியை எடுப்பான். ஈசிஆர்ல அந்த நேரத்துல கார்கள் என்ன வேகத்துல போகும்னு உங்களுக்கே தெரியும். இருட்டான இடங்கள் இருக்கு, மாடும் நாயும் குறுக்கே வரும். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தாலே வண்டி ஓட்டறது குற்றம். முதல் தடவை பிடிச்சாலே 10,000 ரூபாய் அபராதம், சிறைக்கும் வழி இருக்கு. ஆனா அபராதம் கட்டிட்டு வீடு வந்து சேர்றவங்க அதிர்ஷ்டசாலிங்க.

குடிக்காதீங்கன்னு உபதேசம் பண்ண நான் வரலை. அந்த 11 மணிப் பசி வராமப் பார்த்துக்கலாம்னு சொல்றேன். சாயங்காலம் 6 மணிக்கு ராத்திரிச் சாப்பாட்டைச் சொல்லிடுங்க, 8.30 மணிக்கு வீட்டுல இருக்கட்டும். போற வழியில திருவான்மியூர்லயோ நீலாங்கரையிலயோ நிறுத்தி ஒரு பை நிறைய வாங்கிடுங்க: பிரெட், 2 டஜன் முட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம், தயிர், ஊறுகாய், 10 மேகி பாக்கெட். முட்டை உடைக்கத் தெரிஞ்ச ஒருத்தர் போதும். அந்தப் பைக்கு 500, 600 ரூபாய் ஆகலாம். ராத்திரி யாரும் சாவியைத் தொட வேண்டியிருக்காது.

அப்படியும் யாராவது எழுந்தா, சாவியை வாங்கி வச்சுக்குங்க. திட்டுவான், திட்டட்டும். காலையில இட்லி வாங்கக் கூட்டிட்டுப் போங்க.

கடற்கரை ஊர்ல உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல மெஸ், நேரத்தோட சேர்த்து எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். நேரத்துக்குச் சாப்பிடுங்க!