ஸ்பூனை விடுங்கள், மில்லியைப் பாருங்கள்

காய்ச்சலில் அனத்தும் பிள்ளைக்கு நள்ளிரவில் மருந்து ஊற்றும் தாயைக் கணக்குப் போட வைப்பது கொடுமை. அமெரிக்காவில் நெடுங்காலம் அதுதான் நடந்தது. மருந்துச் சீட்டில் டீஸ்பூன் என்று இருக்கும். கையிலுள்ள சிரிஞ்சிலோ மில்லிலிட்டர் கோடுகள்.

அமெரிக்க டீஸ்பூன் 4.93 மில்லி. டேபிள்ஸ்பூன் அதைப்போல் மூன்று மடங்கு, 14.79 மில்லி. கப் 236.6 மில்லி, உணவுப் பொட்டல லேபிளில் மட்டும் அதை 240 என்று கொள்கிறது அந்நாட்டு விதி. இந்த உடைசல் எண்களுக்கு மூலம், ஆன் ராணி காலத்தில் 1707-ல் இங்கிலாந்து சட்டமாக்கிய ஒயின் காலன். அதன் கொள்ளளவு 231 கன அங்குலம். பிரிட்டன் 1824-ல் அதைக் கைவிட்டு, பத்து பவுண்டு தண்ணீர் பிடிக்கும் பெரிய காலனுக்கு மாறியது. அமெரிக்கா பழையதை விடவில்லை. ஓர் அங்குலம் சரியாக 2.54 சென்டிமீட்டர் என்று 1959-ல் முடிவானபின் அந்தக் காலன் 3.785 லிட்டர் ஆயிற்று. அதை 768 பங்கு போட்டால் ஒரு பங்கு டீஸ்பூன்.

4.93-ஐ 5 என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. மருத்துவர்களும் அப்படித்தான் கொள்கிறார்கள். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. டீஸ்பூன், டேபிள்ஸ்பூன் இரண்டின் ஆங்கிலச் சுருக்கங்களுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். தூக்கக் கண்ணில் அது தப்பினால் குழந்தைக்குள் போவது மூன்று மடங்கு மருந்து. அதோடு, ஸ்பூன் என்று படித்ததுமே கை சமையலறைக்குப் போகிறது. அங்கே கிடக்கும் ஸ்பூன்களில் ஒன்றின் அளவு இன்னொன்றுக்கு இல்லை.

ஸ்பூன் கணக்கில் மருந்து கொடுத்த பெற்றோர் அளவு தவறும் வாய்ப்பு, மில்லியில் மட்டும் கொடுத்தவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று 2014-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, குடிக்கும் மருந்துகளை மில்லியில் மட்டுமே குறிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எவ்வளவு நல்ல மாற்று அட்டவணையும் இதற்கு ஈடாகாது. மாற்றவே தேவையில்லாமல் செய்வதுதான் பாதுகாப்பு.

பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா போகும் நம்மூர்த் தாத்தா பாட்டிகள் ஒன்று செய்யலாம். சீட்டில் ஸ்பூன் என்று கண்டால், மில்லியில் எழுதித் தரச் சொல்லி மருந்துக் கடையில் கேளுங்கள். ஊசியில்லாத மருந்து சிரிஞ்சையும் கேட்டு வாங்கி, எந்தக் கோடு வரை என்பதை அங்கேயே பேனாவால் குறித்துத் தரச் சொல்லுங்கள்.